கேள்வியை எழுதியவர் யார்?

"கக்கூசு இருக்கான்னு கேட்டாகண்ணே. இருக்குன்னேன். தாள்ல ஒரு டிக் போட்டுக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாக."

எம்.ரெட்டியபட்டியில், பொங்கலுக்கு ஊர் திரும்பியிருந்த ஒரு தங்கை என்னிடம் சொன்னது இது. வயது 19. நூற்பாலை ஒன்றின் விடுதியில் தங்கி, ரிங் பிரேமில் சைடராக வேலை பார்க்கிறாள். ஆலையின் பெயர் வேண்டாம். சொன்னால் ஆலைக்கு ஒன்றும் ஆகாது, அவளுக்கு ஆகும்.

"இருக்கிறதைத்தானே இருக்குன்னு சொன்னே தாயி, அதில் என்ன குற்றம்?" என்றேன்.

"குத்தமில்லண்ணே. நாலு இருக்கு. ரெண்டு பூட்டிக் கிடக்கும். சாவி மேஸ்திரிகிட்ட. அவரு முன்னால போயி நிக்கணும். எதுக்கு, இன்னைக்கு எத்தனாவது தடவைன்னு பதில் சொல்லணும். அதுக்குக் கூச்சப்பட்டு ஷிப்டு முடியிற வரைக்கும் நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல. அதை அவுக கேக்கலையே!"

அதை அவர்கள் கேட்கவில்லை! தோழர்களே, கடல் கடந்து வந்த தாள், கனத்த அட்டை போட்ட தாள், நூற்றுக்கணக்கான கேள்விகள் அச்சடித்த தாள் – அந்தத் தாளில் கழிப்பறைக்கு இடம் இருந்தது. கழிப்பறையின் சாவிக்கு இடம் இல்லை. கேட்டவரும் பொய் எழுதவில்லை, சொன்னவளும் பொய் சொல்லவில்லை. இரண்டு உண்மைகள் சேர்ந்து ஒரு பெரும் பொய்யைப் பெற்றெடுத்தன. அந்தப் பொய்க்குச் சான்றிதழ் என்று பெயர் சூட்டி, சட்டம் போட்டு, ஆலையின் வரவேற்பறையில் மாட்டிவிட்டார்கள்.

இந்தத் தாள் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ பெரிய ஆடைக் கடை ஒன்று இருக்கிறது. அதன் சட்டையைத் தைப்பது திருப்பூர். சட்டைக்குத் துணி நெய்வது வேறோர் ஊர். துணிக்கு நூல் நூற்பது திண்டுக்கல்லோ, இராசபாளையமோ, அருப்புக்கோட்டையோ. பஞ்சு எடுப்பது நம் போன்ற கரிசல் காட்டுப் பெண்கள். "நாங்கள் வாங்கும் சரக்கில் குழந்தையின் வியர்வை இல்லை, கொத்தடிமையின் கண்ணீர் இல்லை" என்று தன் ஊர் வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொள்ள அந்தக் கடை விரும்புகிறது. விரும்பட்டும், நல்ல விருப்பந்தான். அதற்காக நடத்தை விதி ஒன்று எழுதுகிறது. விதியைக் கேள்விகளாக உடைக்கிறது. கேள்விகளைத் தணிக்கை நிறுவனத்திடம் கொடுக்கிறது. தணிக்கையாளர் ஆலைக்கு வருகிறார், ஒரு நாளோ இரண்டு நாளோ இருக்கிறார், டிக் போடுகிறார், போகிறார். அவர் வருகிற நாள் பெரும்பாலும் ஆலைக்கு முன்கூட்டியே தெரியும். பல இடங்களில் அவருக்குக் கூலி கொடுப்பதே ஆலைதான்! பரீட்சை எழுதுகிறவனே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் தேறாதவன் எவனாவது இருப்பானா?

சோதித்து வாங்குவது நமக்குப் புதிதல்ல. நம் கரிசல் சம்சாரி சந்தைக்குப் போய் ஒரு சோடி மாடு பிடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். விற்கிறவன் விடியற்காலையிலேயே பிண்ணாக்குத் தண்ணீரை வயிறு முட்டக் காட்டி, கொம்பைச் சீவி, எண்ணெய் தடவி நிறுத்தியிருப்பான் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே "மாடு உழுமா?" என்று விற்கிறவனிடம் கேட்டுவிட்டு அவன் சொன்ன பதிலை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்கமாட்டார். நாலு எட்டு நடத்திப் பார்ப்பார், முடிந்தால் ஏரில் பூட்டிப் பார்ப்பார். எந்தக் கேள்வியை மாட்டிடம் கேட்பது, எந்தக் கேள்வியை மாட்டுக்காரனிடம் கேட்பது என்ற பகுத்தறிவு அவரிடம் இருந்தது. அந்தப் பகுத்தறிவு, கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து கேள்வி எழுதுகிறவர்களிடம் இருக்கிறதா என்பதுதான் என் வழக்கு.

பல்லைப் பிடித்துப் பார்ப்பது என்றவுடன் இன்னொரு கதை நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்து 1833இல் தொழிற்சாலைச் சட்டம் போட்டது. பஞ்சாலைகளில் 9 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்காதே. 9 முதல் 13 வரை உள்ள பிள்ளைக்கு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கொடுக்காதே என்றது அந்தச் சட்டம். அதை நிறைவேற்ற நாடு முழுவதற்கும் நான்கே நான்கு ஆய்வாளர்கள். அவர்களில் ஒருவர் லெனார்டு ஹார்னர். ஆய்வாளர் ஆலைக்குள் போனார். "இந்தப் பிள்ளைக்கு வயது என்ன?" என்று கேட்டார். முதலாளி கூட்டிச் சொன்னார். பெற்றவர்களும் கூட்டித்தான் சொன்னார்கள், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! மருத்துவர் கையெழுத்துப் போட்ட வயதுச் சான்று வேண்டும் என்றார்கள். அந்தக் கையெழுத்தையும் நம்ப முடியாமல் போயிற்று. கடைசியில் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், பல்லைப் பார்த்துத் தொழிற்சாலைப் பிள்ளைகளின் வயதைச் சொல்ல முடியும் என்று 1837இல் ஒரு சிறு நூலே எழுதி நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். நாம் மாட்டுக்குப் பல் பார்த்தோம், அங்கே மனிதக் குழந்தைக்குப் பல் பார்த்தார்கள்!

கேலிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அதே 1837இல்தான் இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு இறப்புகளை அரசே பதிவு செய்யும் ஏற்பாடு தொடங்கிற்று. அந்தப் பேரேட்டில் பதிவான பிள்ளைகள் வளர்ந்து ஆலை வாசலுக்கு வந்து நின்றபோது, வயதுக் கேள்விக்கான விடை முதலாளியின் வாயிலும் இல்லை, தகப்பனின் வாயிலும் இல்லை – அவர்கள் இருவரின் கையும் படாத ஓர் ஏட்டில் இருந்தது. பொய் சொல்வதால் இலாபம் அடைகிறவனிடமும், உண்மை சொல்வதால் அடி வாங்குகிறவளிடமும் மட்டுமே விடை இருக்குமானால், அந்தக் கேள்வி சரியாக அமைக்கப்படவில்லை என்று பொருள். மூன்றாவது ஓர் இடத்தைத் தேட வேண்டும். ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முந்தைய பாடம் இது. அது கற்கப்பட்டதா?

கராச்சியைக் கேளுங்கள். 2012 செப்டம்பர் 11 அன்று அங்கே அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடை ஆலையில் தீ. 250 பேருக்கு மேல் மாண்டார்கள். சன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு. அந்த ஆலைக்கு, தீப்பிடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ. 8000 என்ற உலகப் புகழ்பெற்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது! தீ தானாகப் பற்றவில்லை, பணம் பறிக்க முயன்ற கும்பல் வைத்த தீ என்று 2020இல் பாகிஸ்தான் நீதிமன்றம் தீர்ப்பளித்துத் தண்டனையும் விதித்தது. இருக்கட்டும். தீயை வைத்தது எவனாக இருந்தாலும், திறந்த கதவு வழியே தப்பியிருக்கக்கூடியவர்களைக் கொன்றது பூட்டு. "அவசர வழி உண்டா?" என்ற கேள்விக்கு டிக் விழுந்திருக்கும். "இந்தக் கணம் அந்தக் கதவை உள்ளேயிருந்து ஒரு பெண் தன் கையால் தள்ளித் திறந்து காட்டுவாளா?" என்ற கேள்வி அல்லவா அங்கே வேண்டியிருந்தது!

அடுத்த ஆண்டு, 2013 ஏப்ரல் 24. வங்கதேசத்துச் சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் சரிந்தது. 1,100 பேருக்கு மேல் பலி. முதல் நாளே சுவரில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேல்தளங்களின் ஆடை ஆலைகள் மறுநாள் காலை பெண்களை வேலைக்கு அழைத்தன, சரக்கு அனுப்ப நாள் நெருங்கிவிட்டதாம்! அந்தக் கட்டடத்து ஆலைகளிலும் தணிக்கை நடந்திருந்தது. கட்டடத்தின் உறுதி எங்கள் தணிக்கையின் எல்லைக்குள் வரவில்லை என்பதே பிற்பாடு வந்த விளக்கம். எல்லையைக் கோடு போட்டு வரைந்தது யார்? விரிசலைக் கண்ட பெண்ணா? அவள் கையில் எழுதுகோல் கொடுத்திருந்தால் முதல் கேள்வியே சுவரைப் பற்றியதாக இருந்திருக்கும்.

அயல் நாட்டுக் கதை எதற்கு என்று எவரேனும் கேட்கக்கூடும். நம் வீட்டுக்கே வருகிறேன்.

'சுமங்கலித் திட்டம்' என்று நம் நாட்டிலே ஒரு திட்டம் நடந்தது. பெயரைப் பாருங்கள் – பெண்ணின் தாலியை விளம்பரப் பலகையாக்கிய கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள்! மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கி வேலை செய், முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருகிறோம், திருமணத்துக்கு ஆகும். இதுதான் ஒப்பந்தம். அந்தத் தொகை அவளுடைய கூலியிலிருந்தே பிடித்து வைக்கப்பட்டது. இரண்டரை ஆண்டில் நோய்வாய்ப்பட்டுத் திரும்பினால் அதுவும் அதோகதி. மழை பொய்த்த ஆண்டில் கடன் ஏறிய வீட்டுப் பெண்ணுக்கு இந்த வலை விரிக்கப்பட்டது. வானம் பார்த்த பூமியில் அதற்கு மீன்கள் குறைவா? நெதர்லாந்தின் சோமோ ஆய்வு நிறுவனமும் இந்தியக் குழு என்ற அமைப்பும் 2011இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. 2014இல் மறுபடியும் வெளியிட்டன. 2016இல் இந்தியக் குழு வெளியிட்ட இன்னோர் அறிக்கை, தமிழ்நாட்டின் 743 நூற்பாலைகளைப் பற்றித் தகவல் திரட்டி, அவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் ஏதோ ஒரு வடிவில் கட்டாய உழைப்பு இருக்கிறது என்றது.

ஐயா, இத்தனை ஆண்டுகளாகத் தணிக்கையாளர்கள் எங்கே போனார்கள்? திருப்பூருக்குப் போனார்கள்! தணிக்கை பெரும்பாலும் சட்டை தைக்கும் இடத்தோடு நின்றுவிட்டது. கடைக்காரனுக்கு நேரே சரக்குக் கொடுப்பவன் தையல் ஆலைக்காரன். அவனுக்குத் துணி கொடுப்பவன், அந்தத் துணிக்கு நூல் கொடுப்பவன் – இவர்கள் எல்லாம் பட்டியலுக்கு வெளியே. நூற்பாலைக்குள் ஒரு பெண் மூன்றாண்டுகள் விடுதிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் நூற்ற நூலால் தைத்த சட்டைக்கு 'நல்லொழுக்க'ச் சான்றிதழ் கிடைத்துக்கொண்டிருந்தது. ஆகவே பட்டியலை அமைக்க உட்காருகிறவர் எழுத வேண்டிய முதல் வரி கேள்வியே அல்ல. "இந்தச் சரக்கு யார் யார் கை மாறி வந்தது?" என்று கடையிலிருந்து கரிசல் காடு வரைக்கும் ஒரு வரைபடம். அது இல்லாமல் எழுதும் எந்தப் பட்டியலும், தலைவாசலைக் கூட்டிவிட்டுப் பின்கட்டில் குப்பையைக் குவிக்கும் வேலைதான்.

அதற்குப் பிறகு கேள்விகள். "தூசிக்கு முகக்கவசம் தரப்படுகிறதா?" – பட்டியலில் உள்ள கேள்வி. தணிக்கை நாளன்று காலையில் எல்லோர் முகத்திலும் புதுக் கவசம் ஏறும், மாலையில் இறங்கும். டிக்! பஞ்சுத் தூசி நுரையீரலைத் தின்னும் நோய் ஒன்று உண்டு – பிசினோசிஸ் என்பது மருத்துவர் வைத்த பெயர். இங்கிலாந்தின் லங்காசயர் பஞ்சாலைத் தொழிலாளரை 1950களில் ஆராய்ந்த மருத்துவர் ரிச்சர்டு ஷில்லிங், ஆலைக்காரரிடம் போய்க் கவசம் கொடுத்தீரா என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தொழிலாளியிடம், வார ஓய்வு முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வரும்போது நெஞ்சு இறுக்குகிறதா என்பதைக் கேட்டார். அந்த முதல் நாள் மட்டுமா, மற்ற நாட்களிலுமா என்று கேட்டார். அந்த விடையை வைத்தே நோயைப் படிப்படியாக வகைப்படுத்தினார். ஓய்வு நாளில் தூசி இல்லை. திரும்பி வந்த முதல் நாள் நெஞ்சு இறுகுகிறது. நோயின் குணமே அதுதான். அந்தக் கேள்விக்கு விடை மேலாளரின் அலமாரியில் இல்லை, அவளுடைய மார்புக்கூட்டில் இருக்கிறது. மிரட்டிப் படிக்க வைத்த பாடத்தில் அப்படியொரு கேள்வி வராது. நோட்டுப் புத்தகத்தைத் திருத்தலாம். திங்கட்கிழமை மூச்சைத் திருத்த முடியுமா?

பட்டியல் எழுதுகிறவர்கள் எல்லோரையும் நான் இந்த ஒரு கேள்வியின் முன்னால் கொண்டுபோய் உட்காரவைப்பேன். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமே வரும்.

வேலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டி, அதற்கு மேல் உழைத்தால் இரட்டைக் கூலி என்றது. "கூடுதல் நேர வேலை உண்டா?" என்று கேட்டால் ஓர் அழகான வருகைப் பதிவேட்டை நீட்டுவார்கள். ஆலைக்கு ஒரு பதிவேடு, அரசுக்கு ஒரு பதிவேடு, அயல்நாட்டானுக்கு ஒரு பதிவேடு என்று மூன்று எழுதும் கணக்கப்பிள்ளைகளை நான் அறிவேன்; கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் விடுதிச் சமையல்காரருக்கு மூன்று பானை கிடையாது. அன்று இரவு எத்தனை படி அரிசி வெந்தது? விடியற்காலை 2 மணிக்கு எத்தனை பேருக்குத் தேநீர் போயிற்று? மின்சார மீட்டர் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு ஓடிற்று? வேன் ஓட்டுநரின் புத்தகத்தில் பெண்களை இறக்கிவிட்ட நேரம் என்ன? இவற்றை வருகைப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவேடு ஊமையாகும், அரிசி பேசும்.

"புகார்க் குழு உண்டா?" என்பது இன்னொரு கேள்வி. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழு வேண்டும். தலைமை பெண்ணாக இருக்க வேண்டும். வெளியாள் ஒருவர் வேண்டும். சுவரில் நான்கு பெயர் ஒட்டினால் டிக். "அந்த நான்கு பேரில் உனக்கு எவரைத் தெரியும்? கடைசியாக அவர்களிடம் போனவள் இன்று எங்கே வேலை செய்கிறாள்?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு அந்தக் கூடத்தில் விழுகின்ற மௌனத்தையும் ஒரு விடையாக எழுதிக்கொள்ளப் பட்டியலில் இடம் விட வேண்டும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் இந்த மௌனத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை ஓர் உயிர். நாச்சி அப்பேரல்ஸ் என்ற ஆடை ஆலையில் வேலை பார்த்த தாழ்த்தப்பட்ட சமூகத்து இளம்பெண் ஒருத்தி 2021 சனவரியில் கொலையுண்டு கிடந்தாள். அவளுடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். சாவுக்குப் பிறகுதான் மற்றப் பெண்கள் வாய் திறந்தார்கள். பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. உலக அமைப்புகள் துணை நின்றன. 2022 ஏப்ரலில் ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும், சரக்கு வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும், சங்கமும் கையெழுத்திட்டு 'திண்டுக்கல் ஒப்பந்தம்' பிறந்தது. கேப், பி.வி.எச். நிறுவனங்களும் பின்னர் சேர்ந்தன. அதே ஆண்டு சூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலையின் சரக்கைத் தடுத்தது; ஒப்பந்தத்தின்படி நடந்த திருத்தங்களைக் கண்டு செப்டம்பரில் தடையை நீக்கியது.

அந்த ஒப்பந்தத்தில் என்ன புதுமை? ஆண்டுக்கொரு நாள் வந்து போகும் கனவானுக்குப் பதில், அதே தறிக்கூடத்தில் – மன்னிக்க வேண்டும், கரிசல்காட்டான் வாயில் அந்தச் சொல்தான் முதலில் வருகிறது – அதே தையல்கூடத்தில், அதே பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களில் சிலரைக் கண்காணிப்பாளர்களாக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். திட்டியதை, தொட்டதை, சாதி சொன்னதை அன்றே எழுதி மேலே அனுப்பும் உரிமை அவர்களுக்கு. முதல் ஆண்டில் பதிவான குறைகள் 180க்கு மேல். பெரும்பகுதி தீர்ந்தது, அதிலும் பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் வாங்குகிற நிறுவனம் வாணிபத்திலேயே கை வைக்க வேண்டும் என்பதும் சட்டப்படி கட்டுப்படுத்தும் நிபந்தனை. பழைய தணிக்கையில் புகார் எண்ணிக்கை பூச்சியம் என்றால் 'நல்ல ஆலை'. இங்கே புகார் ஏறுவதுதான் நலம். வாய் திறந்திருக்கிறது என்று பொருள்!

ஆலை முதலாளிகளின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது நமக்கு அழகல்ல. "ஒவ்வொரு கடைக்காரனுக்கும் ஒரு பட்டியல். ஒருவன் கதவு இடப்பக்கம் திறக்க வேண்டும் என்கிறான், இன்னொருவன் வலப்பக்கம் என்கிறான். செலவு எங்கள் தலையில். இத்தனைக்கும் பிறகு, போன ஆண்டை விடச் சட்டைக்கு நாலு காசு குறைத்துக் கேட்கிறான்!" என்கிறார்கள். உண்மை. கேள்வித்தாளைத் தூக்கிவருகிறவன் தன்னை ஒருபோதும் கேட்டுக்கொள்வதில்லை. என்ன விலைக்கு வாங்கினாய்? அந்த விலையில் சட்டப்படியான கூலி கட்டுப்படியாகுமா? எத்தனை நாள் தவணை கொடுத்தாய்? தைத்து முடிக்கும் வேளையில் நிறத்தை மாற்றச் சொல்லித் தந்தி அடித்தாயா – இப்போது மின்னஞ்சல் – மாற்றிவிட்டு நாளை மட்டும் நீட்டிக்காமல் விட்டாயா? ராணா பிளாசா பெண்களை விரிசல் விட்ட மாடிக்கு ஏற்றியது அந்த நாள் நெருக்கடிதானே! ஆகவே பட்டியலின் முதல் பக்கத்தை வாங்குகிறவன் நிரப்பிக் கையெழுத்திட்டு, ஆலைத் தொழிலாளர் படிக்கத் தமிழில் ஒட்ட வேண்டும். அப்புறம் நம் பக்கத்துக்கு வரட்டும்.

இப்போது சட்டமும் வருகிறது. செருமனியில் 2023 முதல், பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்குக் கொடுப்போரிடம் மனித உரிமை மீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற சட்டம் நடப்புக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான சட்டம் 2024இல் நிறைவேறிற்று. மறு ஆண்டே அதைத் தளர்த்தும் வேலையும் தொடங்கிவிட்டது. அங்கேயும் முதலாளிமார் உண்டல்லவா! இங்கேயோ, 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆய்வாளர் என்ற பெயரோடு 'உதவி செய்பவர்' என்ற ஒட்டையும் சேர்த்திருக்கிறது. யாருக்கு உதவி என்பதைப் பொறுத்திருந்து பார்ப்போம். எப்படியானாலும் இனி வருவது தகவல் வெள்ளம். கைப்பேசியில் கேள்வி வரும், பதிலை அமுக்கச் சொல்வார்கள். பெயர் கேட்க மாட்டோம், அஞ்சவேண்டாம் என்பார்கள்.

அஞ்ச வேண்டும் என்கிறேன் நான். பெயர் கேட்கவில்லை. வயது 19, பிரிவு ஸ்பின்னிங், சொந்த ஊர் எம்.ரெட்டியபட்டி என்று மூன்று கட்டம் நிரப்பச் சொல்கிறார்கள். அந்த ஆலையில் எம்.ரெட்டியபட்டிக்காரி ஒருத்திதான்! பெயரை எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன? சென்னையிலும் இலண்டனிலும் உட்கார்ந்து படிவம் போடுகிறவருக்கு ஊர்ப் பெயர் ஒரு விவரம். இங்கே அது ஒரு முகம். கேட்கத் தேவையில்லாததைக் கேட்காமல் விடுவது பட்டியல் அமைப்பவரின் முதல் நாணயம். ஊர் வேண்டாம், மாவட்டம் போதும். ஒரு விடையைச் சொன்னவர்கள் பத்துப் பேருக்குக் குறைவு என்றால் அந்தக் கணக்கை ஆலைக்குத் தனியாகக் காட்டாதே. விடுதிக்குள் வைத்துக் கேட்காதே. வார்டன் இருக்கும் தாழ்வாரத்தில் நின்று கேட்காதே. ஊருக்கு வரும் பொங்கலிலும் பங்குனிப் பொங்கலிலும், அவள் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பெண்ணை விட்டுக் கேள். திரட்டிய தகவலைத் திரட்டியவர்களிடமே கொண்டுவந்து காட்டு. இந்தத் தொழிலில் இதுவரை எவரும் செய்யாத அதிசயம் இதுவாகத்தான் இருக்கும் – கேள்விக்குப் பதில் சொன்னவளுக்கு, அந்தப் பதிலால் என்ன நடந்தது என்று ஒரு வரி சொல்லுவது!

என்னிடம் பேசிய தங்கைக்கு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். "அவர்கள் கேள்வி கிடக்கட்டும் தாயி. நீ தணிக்கைக்காரியாகப் போனால் உன் ஆலையில் என்ன கேட்பாய், எழுது" என்றேன். சிரித்தாள், முடியாது என்றாள். பிறகு திண்ணையிலேயே உட்கார்ந்து எழுதினாள். பத்தாம் வகுப்பு வரை படித்த கையெழுத்து. ஆறு கேள்விகள்.

கக்கூசு சாவி யார்கிட்ட இருக்கு?

ஊர்லருந்து போன் வந்தா எத்தனை நேரத்துல எங்ககிட்ட சொல்வீங்க?

மாச நாள்ல வயித்து வலின்னு சொன்னா ரிங் பிரேம்லருந்து ஒரு மணி நேரம் மாத்தி விடுவீங்களா?

பிஎப் பிடிக்கிறீங்க, அது எங்க கணக்குல ஏறிருக்கான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?

கையில அடிபட்டா ஆலை வேன்ல கொண்டுபோறது ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கா, உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்டயா?

மேலேருந்து ஆள் வராங்கன்னு எங்களைச் சொல்லிக் குடுத்துப் பேச வைக்கிறீங்களே, அந்த ஆளுங்களுக்கு அது தெரியுமா?

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் விடிவதற்குள் வேன் வந்தது, ஏறிப் போய்விட்டாள். தாள் என்னிடம் இருக்கிறது. கேள்விப் பட்டியல் தயாரிப்பதைத் தொழிலாகக் கொண்ட கனவான்கள் எவருக்கேனும் வேண்டுமானால் இந்த ஏட்டின் முகவரிக்கு எழுதட்டும். ஊரும் கையெழுத்தும் தெரியாதபடி அச்செடுத்து அனுப்பி வைக்கிறேன்.